மஞ்சள் வயர்

முன் பம்பரில் ஒரு கீறல்.
சின்னிவிரல் நீளம்.
ஓரத்தில் நாவல் நிறம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.
எங்கள் படலை ஒடுக்கம்,
கார் ஒழுங்கையில்தான் உறங்கும்.
ஆர் இடித்தது என்று கேட்டால்
கோண்டாவில் முழுக்க ஒரே பதில்: மாடு.
மாட்டுக்கு ஏது நாவல் நிறம்?

நான் உறுதி எழுதும் கந்தோரில் இருப்பவன்.
இரண்டு சாட்சி கையெழுத்து வைக்காமல்
அங்கே அரைப் பரப்புக் காணியும் கைமாறாது.
ஸ்ரான்லி வீதியில் பதினெண்ணாயிரம் கொடுத்து
ஒரு சாட்சி வாங்கினேன்.
கண் உண்டு. நாக்கு இல்லை.

சிகரெற் லைற்றர் ஓட்டையில் செருகினால்
திறப்பை எடுத்ததும் அதுவும் படுத்துவிடும்.
எனக்கு வேண்டியது படுக்காத சாட்சி.
வயரிங் பேரின்பன் கூலி ஆறாயிரம் என்றான்.
போயா நாள், கந்தோர் இல்லை,
நானே குனிந்தேன்.

முழங்கால் இடிக்கும் மூலையில் ஃபியூஸ் பெட்டி.
மூடியின் உட்புறம் முழுக்க ஜப்பான் எழுத்து,
எனக்கு அது ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு.
ரெஸ்ற் லாம்பால் ஒவ்வொன்றாய் விசாரித்தேன்:
திறப்போடு மட்டும் எரிகிறவன் நீயா,
திறப்பில்லாமலும் எரிகிறவன் நீயா?
சிவப்புப் பத்து. நீலப் பதினைந்து.
ஏர்பேக்குக்குப் போவதில் கை வைக்காதே
என்று எனக்கு நானே சொன்னேன், சத்தமாக.
ஒன்றைப் பிடுங்கி, அந்த இடத்தில்
இரட்டை முதுகுத் துண்டைச் செருகி,
பிடுங்கியதை அதன் முதுகிலேயே ஏற்றினேன்.

சிவப்பு வயர், திறப்போடு விழிக்க.
மஞ்சள், விழித்தே கிடக்க.
கறுப்பு மண்ணுக்கு.
மண் என்றால் கதவடியில் ஒரு பத்து மில்லி நட்டு,
பெயின்ரைச் சுரண்டி, இரும்பு வெளித்ததும் இறுக்கியது.

தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றியபோது
ஒரு கிளிப் பறந்து எங்கோ விழுந்தது.
இன்னும் அகப்படவில்லை,
பள்ளம் கண்டால் கிலுகிலுக்கும்.

பற்றறி பன்னிரண்டு புள்ளி இரண்டுக்கு இறங்கினால்
தானாய் அணையச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன்.
கழுத்து நிமிரவில்லை.
பிளேன்ரீயோடு வந்த மனிசி
"கண்ணூறுக்குக் கட்டினதோ?" என்றாள்.

கார்ட் நிறைந்தால் பழையதை அழித்துத்தான்
புதியதை எழுதும்.
இடித்த நிமிசத்தை மட்டும் பூட்டி வைக்கும்.

நாலு இரவு, பூனைகள். பேப்பர்ப் பெடியன்.
ஐந்தாம் இரவில் ஒரு பூட்டு.
நாலு பத்து.

நைற்றிக்கு மேலே ஹெல்மெற்.
மகள் வந்தாறுமூலைக் கம்பசுக்குப் போனபின்
சாக்கு மூடிக் கிடந்த நாவல் நிற ஸ்கூட்டியில்
சங்கக்கடைத் தவயோகம் அக்கா.
இரண்டு காலும் தரையைத் துழாவ
ஐந்து முழம் ஓடுகிறா, நிற்கிறா,
திருப்பும்போது கை தடுமாறி
என் பம்பரில் வந்து சாய்கிறா.
படம் ஒருமுறை நடுங்குகிறது.
பொனற்றில் கை ஊன்றி மூச்சு வாங்குகிறா.
எங்கள் படலையைப் பார்க்கிறா.
பிறகு நேராக என் சாட்சியின் கண்ணுக்குள்,
தெரியாமல்தான்,
ஹெல்மெற்றுக்கு வெளியே வந்த மயிரை
உள்ளே தள்ளுகிறா.
ஏறி, இம்முறை மின்கம்பம் மட்டும் போகிறா,
கால் இரண்டும் மேலே.

அன்று கந்தோரில்
மூன்று உறுதியில் திகதியைப் பிழையாய் எழுதினேன்.
பம்பருக்கு எட்டாயிரம் கேட்கலாம்.
சாட்சி இருக்கிறது, நேரம் இருக்கிறது.

பின்னேரம் சங்கக்கடை.
ஒரு கிலோ சீனி, ஒரு நெருப்புப்பெட்டி.
பில் போட்டபடி அவ கேட்டா:
"தம்பி, காருக்கை ஏதோ பூட்டியிருக்கிறியளாம்,
இரவில மினுங்குதாம்."
"ஆர் சொன்னது?"
"சனம் கதைக்குது."
"றேடியோ அக்கா" என்றேன்.
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணித் தந்தா.

இரவு மறுபடி குனிந்து
மஞ்சள் வயரைக் கழற்றி, நுனிக்கு ரேப் சுற்றினேன்.
காரை மதிலோடு ஒட்டி, ஒரு முழம் தள்ளி விட்டேன்.
பக்கக் கண்ணாடியையும் மடக்கினேன்.
ஏன் என்று கேட்ட மனிசிக்கு
பற்றறி இறங்குது என்றேன்.

நாலு பத்துக்கு முழிப்பு வந்தது.
வெளியே ஒரு ஹோர்ன்,
கை தவறி அழுத்திய அரைச் சத்தம்.
கனநேரம் காது கொடுத்துக் கிடந்தேன்.
ஒன்றும் விழவில்லை.